பேச்சு மாறினால் பிள்ளை மாறிவிடுமா?

இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே செல்லும்போது காணி, கிணறு, விதைநெல், பாடசாலை அனுமதி என்று பல முறைப்பாடுகள் எம் காதில் விழுவதுண்டு. எந்தப் படிவத்திலும் எழுதப்படாத முறைப்பாடு ஒன்றும் அவற்றுக்கிடையே அடிக்கடி வரும். “பிள்ளை இப்ப எங்களை மாதிரிக் கதைக்கிறானில்லை, பாதர்” என்பார் தாய். “ஊரை விட்டு வந்தம்; இப்ப ஊர்ப் பேச்சும் எங்களை விட்டுப் போகுது” என்பார் பேரனார். பிள்ளையைக் கேட்டாலோ வேறு கதை. வகுப்பில் வாய் திறந்தால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொள்வான்.

கூரையும் அரிசியும் இல்லாத இடத்தில் இதுவும் ஒரு பிரச்சினையா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் சிரிப்புக்கு அஞ்சிக் கேள்வி கேட்காமல் இருக்கும் பிள்ளை கணிதத்திலும் பின்தங்கும். தன் பேச்சைக் கேட்டு எழுதுவினைஞர் முகம் சுளிப்பாரோ என்று தயங்கும் கமக்காரர், தமக்குச் சேரவேண்டியதைக் கேளாமலே திரும்பிவிடுவார். ஆகவே, மனிதர் ஏன் பேச்சைக் கொண்டு ஆளை மதிப்பிடுகின்றனர், ஆளுக்கேற்பத் தம் பேச்சை ஏன் மாற்றிக்கொள்கின்றனர் என்பது பற்றி உளவியலாளரும் மொழியியலாளரும் கண்டறிந்தவற்றை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரே குரலுக்கு இரண்டு தீர்ப்பு

கனடாவின் மொன்றியல் நகரில் ஆங்கிலம் பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் அருகருகே வாழ்கின்றனர். முன்னைய காலத்தில் அங்கே பெரிய வர்த்தக நிலையங்களும் உயர் பதவிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரின் கையிலேயே இருந்தன. அந்நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் லம்பேர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1960 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரு மொழிகளையும் சரளமாகப் பேசக்கூடியவர்களைக் கொண்டு ஒரே பந்தியை ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை பிரெஞ்சிலும் வாசிப்பித்து ஒலிநாடாவில் பதிந்தார்கள். கேட்ட மாணவருக்கு இது தெரியாது. ஒவ்வொரு குரலும் வெவ்வேறு ஆளுடையது என்றே அவர்கள் எண்ணினார்கள். குரலை மட்டும் கேட்டு, இவர் புத்திசாலியா, நம்பத்தகுந்தவரா, தோற்றப்பொலிவு உள்ளவரா, எவ்வளவு உயரம் இருப்பார் என்றெல்லாம் புள்ளியிடும்படி கேட்கப்பட்டார்கள்.

ஆங்கில மாணவர் ஆங்கிலக் குரலுக்குக் கூடுதலான புள்ளி இட்டதில் வியப்பில்லை. பிரெஞ்சு மாணவரும் பெரும்பாலான குணங்களில் ஆங்கிலக் குரலுக்கே கூடுதலாக இட்டார்கள் என்பதுதான் வியப்பு. பக்தி, இரக்கம் ஆகியவற்றில் மட்டுமே தம்மவர் குரலை அவர்கள் உயர்த்தினார்கள். இரண்டு குரலும் ஒரே ஆளின் வாயிலிருந்து வந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த ஆளின் அறிவு மொழிக்கு மொழி மாறுவதில்லை. மாறியது, அந்த மொழியைப் பேசும் மக்களைப் பற்றி ஊரில் நிலவிய எண்ணம். அந்த எண்ணத்தையே கேட்டவர்கள் ஆளின் குணம் என்று எழுதிக்கொடுத்தார்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் காலப்போக்கில் தம் பேச்சைத் தாமே பிறர் காதால் கேட்கப் பழகிவிடுகிறார்கள் என்பதே இதில் எம் மனதை மிகவும் நெருடும் பகுதி.

எம் நாட்டுத் தமிழுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தாரின் பேச்சுத்தான் சுத்தத் தமிழ், மட்டக்களப்பாருடையது இழுவை, வன்னியாருடையது பட்டிக்காடு, மலையகத்தாருடையது கலப்படம் என்று வடக்கில் பலர் ஆராயாமலே சொல்வதுண்டு. ஆனால் பேச்சுத் தமிழை ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், பேச்சு வழக்குகள் எல்லாவற்றிலும் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்று 1960களில் எழுதினார். இழுவை என்று சிரித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது. அதே யாழ்ப்பாணத்தவர் கடல் கடந்து தமிழ்நாட்டில் போய் இறங்கினால் “நீங்கள் மலையாளமா?” என்று கேட்கிறார்கள். சுத்தம் என்பது கடல் கடந்தவுடன் கரைந்துபோகும் பொருளாயின், அது பேச்சில் இருக்கும் பொருளாக இருக்க முடியாது.

இதனால் விளைந்த துன்பம் சிறிதல்ல. 1977 கலவரத்தின் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறிய மக்களை, அவர்களின் பேச்சைக் கொண்டே “வடக்கத்தியான்” என்று ஒதுக்கியோர் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக “அகதி” என்ற பெயரைச் சுமந்தார்கள். அவர்கள் பேசியதும் தமிழ், அயலார் பேசியதும் தமிழ்.

காது எப்போது பழகுகிறது?

இது வளர்ந்தவர்கள் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் மட்டுமா? 2007 இல் கதரின் கின்ஸ்லர், எலிசபெத் ஸ்பெல்கே முதலியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. ஐந்து, ஆறு மாதக் குழந்தைகளும் தம் வீட்டு மொழியைப் பேசியவரையே கூடுதலான நேரம் பார்த்தன. இருவர் ஒரே மாதிரி விளையாட்டுப் பொருளை நீட்டியபோது, பத்து மாதக் குழந்தைகள் தம் மொழியில் பேசியவரிடமிருந்தே அதனை வாங்க விரும்பின. ஐந்து வயதுப் பிள்ளைகள் தம்மைப் போன்ற உச்சரிப்பு உள்ள பிள்ளையையே நண்பராகத் தெரிவு செய்தார்கள்.

பழகிய குரலை நாடுவது குழந்தைக்கு இயல்பு. தாயின் குரல் எங்கிருக்கிறதோ அங்கே பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் பழகிய குரலை நாடுவதற்கும் பழகாத குரலைப் பார்த்துச் சிரிப்பதற்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. அந்தத் தூரத்தைப் பிள்ளை தானாக நடப்பதில்லை. பெரியவர்கள் கைபிடித்து அழைத்துச் செல்கிறார்கள்.

அந்த வழி எங்கே போய் முடியலாம் என்பதை நாம் அறிவோம். நீதித் தலைவர்கள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு கொடிய நிகழ்ச்சி வருகிறது. போரில் தோற்ற எப்ராயிம் மக்கள் யோர்தான் ஆற்றைக் கடந்து தப்ப முயல்கிறார்கள். கடவையில் நிற்கும் கிலயாதியர் ஒவ்வொருவரையும் ஒரு சொல்லைச் சொல்லும்படி கேட்கிறார்கள். அதன் முதல் ஒலி எப்ராயிமியரின் நாவில் சரியாக வராது. அன்று மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்நூல். இரு தரப்பாரும் ஒரே இஸ்ராயேல் மக்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எமது நாட்டில் 1983 ஜூலையில் வழிமறித்தவர்கள், வாளியைக் குறிக்கும் “பால்திய” என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி ஆளை இனங்கண்டதைத் தப்பி வந்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பேச்சால் ஆளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வகுப்பறைச் சிரிப்பில் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிடும் என்பதற்கு எவரும் பிணை நிற்க முடியாது.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. ஹென்றி தஜ்ஃபெல் 1919 இல் போலந்தில் பிறந்த யூதர். பிரான்சில் கல்வி கற்றுக்கொண்டிருந்தபோது போர் வந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். தாம் போலந்து நாட்டவர் என்பது வெளிப்பட்டால் உயிர் மிஞ்சாது என்று அறிந்து, சிறைமுகாமில் பிரெஞ்சு நாட்டவராகவே தம்மைக் காட்டிக்கொண்டு தப்பினார். போர் முடிந்து வந்து பார்த்தபோது அவருடைய குடும்பத்தில் எவரும் உயிருடன் இல்லை. பின்னர் சில ஆண்டுகள் அகதிப் பிள்ளைகளின் புனர்வாழ்வுப் பணியில் ஈடுபட்ட இவர், இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரில் உளவியல் பேராசிரியரானார். 

அங்கே 14, 15 வயதுப் பாடசாலைப் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்து அவர் செய்த சோதனை 1970 இல் வெளியானது. திரையில் தெரிந்த புள்ளிகளைக் கூட்டி மதிப்பிட்டவர், குறைத்து மதிப்பிட்டவர் என்று பையன்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் பிரித்தது கண்டபடிதான். தன் குழுவில் யார் யார் என்பது எவனுக்கும் தெரியாது. தனக்கு எந்த இலாபமும் இல்லை. அப்படியிருந்தும், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவானுக்கே கூடுதலாகக் கொடுத்தான். சிலவேளை தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவனுக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்ற விதத்திலும் பங்கிட்டான்! வெறும் புள்ளிகளை வைத்தே இவ்வளவு பிரிவு வருமாயின், வாய் திறந்த மறுகணமே காட்டிக்கொடுக்கும் பேச்சை வைத்து எவ்வளவு வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நெருங்கவும் விலகவும்

தஜ்ஃபெலுடன் பிரிஸ்ரலில் பணியாற்றியவர்களுள் ஹவார்ட் ஜைல்ஸ் ஒருவர். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த இவர் 1970களின் தொடக்கத்தில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒருவரோடு நெருங்க விரும்பினால் எம் பேச்சு, நாம் அறியாமலே, அவருடைய பேச்சை நோக்கி நகர்கிறது. வேகம், உச்சரிப்பு, சொற்கள் எல்லாமே சற்று மாறுகின்றன. விலகி நிற்க விரும்பினால் எம் பேச்சும் விலகுகிறது.

இதற்கு வேல்ஸிலேயே நல்ல உதாரணம் உண்டு. தம் மூதாதையரின் வேல்ஸ் மொழியை விரும்பிக் கற்றுக்கொண்டிருந்த வளர்ந்தோர் சிலரிடம், உயர்குடி ஆங்கில உச்சரிப்புள்ள ஒருவர் ஒலிநாடா மூலம் கேள்விகள் கேட்டார். இடையிலே, செத்துக்கொண்டிருக்கும் இந்த மொழியை ஏன் கற்கிறீர்கள் என்ற பாங்கில் ஒரு கேள்வியையும் போட்டார். அதுவரை சாதாரண ஆங்கிலத்தில் பதில் சொன்னவர்கள் உடனே வேல்ஸ் உச்சரிப்பை அழுத்தத் தொடங்கினார்கள். ஒரு பெண்மணி சற்று நேரம் பேசாமலே இருந்துவிட்டு, ஒலிவாங்கியில் வேல்ஸ் மொழி வினைச்சொல் ஒன்றை, சபையில் சொல்லத்தகாத சொல்லாம், வாய்பாடு போல ஒப்பித்தார்! புர்ஹி என்பவருடன் சேர்ந்து ஜைல்ஸ் 1977 இல் வெளியிட்ட ஆய்வு இது.

ஆகவே பேச்சு மாறுவது முதுகெலும்பு இல்லாமையின் அடையாளம் அன்று. பிள்ளை புதிய ஊர்ப் பிள்ளைகளின் பேச்சை எடுத்துக்கொள்கிறதென்றால், அது அவர்களோடு விளையாட விரும்புகிறது என்று பொருள். எமக்குக் கவலை தரவேண்டியது வேறொன்று. தன் பேச்சை வெட்கப்பட்டு ஒளிக்கும் பிள்ளையும் வெளிக்கு இதே மாதிரித்தான் தெரியும். இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது? வீட்டில் கவனியுங்கள். விளையாட்டில் புதிய பேச்சும் அடுக்களையில் பழைய பேச்சும் தாராளமாக வந்தால் பிள்ளை சுகமாக இருக்கிறது. பேத்தியார் பாடசாலை வாசலுக்கு வந்து கூப்பிடும்போது, தெரியாதவள் போலத் திரும்பி நின்றால் அங்கே ஏதோ காயம் இருக்கிறது.

போன பேச்சுத் திரும்பி வருவதும் உண்டு. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் கரையோரத்தில் மார்த்தாஸ் வின்யாட் என்றொரு தீவு. மீன்பிடியும் சிறு கமமும் செய்து வாழ்ந்த அத்தீவார் தொகை 1960 அளவில் ஆறாயிரத்துக்கும் குறைவு. கோடைக்கு வந்து போகும் வசதி படைத்தோர் அதைப்போலப் பல மடங்கு. காணியும் வீடும் மெல்ல மெல்ல வந்தோரின் கைக்கு மாறிக்கொண்டிருந்தன. வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் அங்கே சென்று மக்களின் பேச்சைப் பதிந்து 1963 இல் கட்டுரை எழுதினார். “ஹவுஸ்”, “வைஃப்” போன்ற சொற்களின் உயிரொலியைத் தீவார் பழைய விதமாக ஒலித்தார்கள். கோடை விருந்தாளிகளின் வரவால் அது அழிந்துபோகும் என்றே எவரும் நினைப்பர். நடந்தது மறுவளம். மீனவரிடத்திலும், தீவிலேயே வாழ்வது என்று தீர்மானித்தோரிடத்திலும் அந்த ஒலி கூடிக்கொண்டே போனது. தீவை விட்டுப் போக நினைத்தோரிடம் அது மிகக் குறைவு. ஒரு தாய் தன் மகனைப் பற்றி லபோவிடம் சொன்னது எம் தாய்மாருக்குச் சுவைக்கும். அவன் முன்பு இப்படிப் பேசியதில்லையாம். வெளியூர்க் கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான், துறைமுக மீனவர் போல இருக்க விரும்பி, அவர்களைப் போலப் பேசத் தொடங்கினானாம்.

வீட்டில்

வயதைப் பொறுத்து எதிர்பார்க்க வேண்டும். கனடாவிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த இரு குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த சேம்பர்ஸ் என்பவர் 1992 இல் எழுதியதன்படி, ஏழு வயதுக்குள் வந்த பிள்ளை புதிய ஊர்ப் பேச்சை ஏறக்குறைய முழுமையாகப் பெற்றுவிடும், பதினான்கைத் தாண்டியவர் பெறுவது அரிது. முதலில் சொற்கள் மாறும், உச்சரிப்புப் பின்னாலேதான் வரும். எனவே ஒரே வீட்டில் தம்பி உள்ளூரான் போலவும் அண்ணன் வந்தவன் போலவும் பேசுவது இயல்பே. பதினாறு வயது மகனை “தம்பியைப் பார், எவ்வளவு கெதியாப் பழகிட்டான்” என்று இடித்துரைப்பதில் பயனில்லை. அவனுடைய நா அப்படித்தான்.

“அப்படிக் கதையாதை” என்று சின்னவனைத் தடுப்பதும் பயன்தராது. வீட்டுக்கு ஒரு பேச்சு, வெளிக்கு ஒரு பேச்சு என்று இரண்டையும் வைத்திருக்கப் பிள்ளைகளால் முடியும். தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்த எம் பிள்ளைகள் கடைத்தெருவில் ஒரு தமிழும் வீட்டுக்குள்ளே ஒரு தமிழும் பேசிப் பழகியவர்கள்.

பேரன்மாரின் கவலையில் வேறோர் உண்மை உண்டு. உச்சரிப்புப் போவதைக் காட்டிலும் பெரிய இழப்பு, சொல் சுட்டும் பொருள் கண்முன்னே இல்லாமற் போவது. அரிவிவெட்டு, சூடுமிதிப்பு, பொலி, துலா, வாய்க்கால் கட்டுதல் என்பவற்றை வயலும் கிணறும் இல்லாத இடத்தில் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? (இயந்திரம் வந்த பின் ஊரோடு இருப்பவரின் பிள்ளைகளுக்கே சூடுமிதிப்புத் தெரியாது என்பது வேறு விடயம்.) பேச்சைத் திருத்துவதில் செலவழிக்கும் நேரத்தை, மாலையில் அரை மணி நேரம் உங்கள் காணி எங்கே இருந்தது, எல்லை எது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் போகத்துக்கு எதை விதைத்தீர்கள் என்று சொல்வதில் செலவழிக்கலாம். எல்லைக் கல் எது, பக்கத்துக் காணிக்காரர் யார் என்பது பிற்காலத்தில் உறுதி தொலைந்த குடும்பத்துக்கு வேறு விதத்திலும் உதவும்.

வகுப்பறையில்

இச்சஞ்சிகை ஆசிரியர்களின் கைக்கும் போவதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பாடசாலைகளில் ஒரு கொடிய முறை இருந்தது. தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். இன்னொரு பிள்ளை அம்மொழியில் பேசக் கேட்டால் அதன் கழுத்துக்கு மாற்றலாம். மாலையில் யாருடைய கழுத்தில் இருக்கிறதோ அப்பிள்ளைக்கு அடி. பிள்ளையைப் பிள்ளை ஒற்றுப்பார்க்க வைத்ததே அடியைக் காட்டிலும் பெரிய கேடு. இன்று எவரும் மரத்துண்டு தொங்கவிடுவதில்லை. ஆனால் ஆசிரியர் ஒரு பிள்ளையின் சொல்லைத் திரும்பச் சொல்லி ஒருமுறை சிரித்தால், வகுப்பு அந்த வேலையை ஆண்டு முழுவதும் தொடரும்.

எழுத்தில் பிழை திருத்துங்கள், பேச்சில் வேண்டாம். எழுத்துத் தமிழ் எல்லோருக்கும் பொது. அதற்கு யாழ்ப்பாணப் பிள்ளையின் வாய்ப்பேச்சும் வேறு, மலையகப் பிள்ளையின் வாய்ப்பேச்சும் வேறு. விளக்கக் குறைவு வரும் இடங்களையும் அறிந்திருப்பது நல்லது. மலையக வழக்கில் “டீச்சர் பேசினாங்க” என்றால் ஆசிரியை கதைத்தார் என்பதே பொருள். யாழ்ப்பாணத்தார் காதில் அது “ஏசினார்” என்று விழும். இந்த ஒரு சொல்லால் பெற்றோர் கோபத்தோடு பாடசாலைக்கு வந்து நிற்கவும் கூடும்.

மூன்றாம், நான்காம் வகுப்புகளில் செய்யக்கூடிய ஒரு பாடத்தைச் சொல்கிறோம். ஒரு பொருளைக் காட்டி, இதை உங்கள் அம்மம்மா என்னவென்று சொல்வார் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள். கச்சான், நிலக்கடலை. தேசிக்காய், எலுமிச்சங்காய். கதைக்கிறது, பேசுறது, பறையிறது. எல்லாவற்றையும் ஒரே அளவான எழுத்தில் வரிசையாக எழுதுங்கள். எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். எந்த ஊரில் எதைச் சொன்னால் கடைக்காரர் சரியான பொருளைத் தருவார் என்று திருப்பிக் கேளுங்கள். மற்றவர் அறியாத சொல்லைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த பிள்ளையாகவே இருப்பார். அந்தச் சொல்லை வகுப்புக்கு விளக்கும்படி அவரையே முன்னால் அழையுங்கள். வெண்கட்டியையும் அவர் கையிலேயே கொடுங்கள்.